மயக்க வாயுவும் அருகில் நிற்பவர்களும்



மருத்துவமனைக்குக் கொடுக்கும் நன்கொடையை நினைக்கும்போது நம் கண்முன் வந்து நிற்பவர் நோயாளிதான். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை செய்துவிட்டுப் பிரசவத்துக்கு வரும் தாய், அறுவடையின்போது கையை வெட்டிக்கொண்ட தொழிலாளி, குடல்வால் வீங்கி இரவில் தூக்கி வரப்படும் பள்ளி மாணவன் என்று இப்படிப்பட்டவர்களை எண்ணியே நீங்கள் கொடுக்கிறீர்கள். அது மிகவும் சரி.

ஆனால் அறுவை சிகிச்சை அறையில் நோயாளி மட்டும் இருப்பதில்லை. மயக்க மருத்துவர், அறுவை மருத்துவர், தியேட்டர் சிஸ்டர், டெக்னீஷியன், தரையைத் துடைக்கும் ஆயா என ஐந்தாறு பேர் அங்கே நிற்கிறார்கள். நோயாளி அந்த அறையில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இருக்கிறார். இவர்களோ பத்து, இருபது ஆண்டுகள் அதே அறையின் காற்றைச் சுவாசிக்கிறார்கள். இம்முறை நாம் படிக்கப்போகும் பாடம் அந்தக் காற்றைப் பற்றியது.

நைட்ரஸ் ஆக்சைடு என்றால் என்ன?

இது நிறமற்ற வாயு. இலேசான இனிப்பு மணம் உடையது. 1772-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி இதைக் கண்டறிந்தார். ஹம்ப்ரி டேவி இதைத் தாமே சுவாசித்துப் பார்த்து, வலியைக் குறைக்கும் தன்மை இதற்கு உண்டு என்றும், அறுவை சிகிச்சைக்கு இது உதவக்கூடும் என்றும் 1800-இல் எழுதினார். 1844-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் இதைச் சுவாசித்துக்கொண்டு தம் பல்லையே பிடுங்கச் செய்தார். சுவாசிப்பவர்கள் காரணமின்றிச் சிரிப்பதால் 'சிரிப்பூட்டும் வாயு' என்ற பெயரும் இதற்கு ஏற்பட்டது.

நம் நாட்டில் நைட்ரஸ் ஆக்சைடு நீல நிற சிலிண்டரில் வருகிறது. ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு நிறம், கழுத்துப் பகுதி வெள்ளை. தியேட்டரில் 'பாயில்ஸ் மெஷின்' என்று சொல்லும் மயக்க இயந்திரத்தில் இவ்விரண்டும் கலந்து, வேறு மயக்க மருந்தும் சேர்ந்து நோயாளிக்குச் செல்கின்றன. தனியாக நோயாளியை முழுவதும் தூங்கவைக்கும் வலிமை இந்த வாயுவுக்கு இல்லை. ஆனால் வலியைக் குறைக்கும், மற்ற மருந்தின் அளவையும் குறைக்கும். விலையும் குறைவு. ஆகவே சிறிய மருத்துவமனைகள் இதைப் பல ஆண்டுகளாக நம்பி வந்திருக்கின்றன. எண்ணற்ற உயிர்கள் இதன் உதவியால் பிழைத்தன என்பதை மறக்கக் கூடாது.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். நோயாளியின் உடல் இந்த வாயுவைச் செலவழிப்பதில்லை. உள்ளே போனது ஏறக்குறைய அப்படியே மூச்சில் வெளியே வந்துவிடுகிறது. அப்படி வெளியே வந்தது எங்கே போகிறது? குழாய் வைத்து அதைக் கட்டிடத்துக்கு வெளியே கொண்டு போகாவிட்டால், அறையிலேயே தங்குகிறது.

செய்தித்தாளில் வந்த ஆபத்தும் வராத ஆபத்தும்

தமிழ்நாட்டில் இந்த வாயுவின் பெயர் பொதுமக்களுக்குத் தெரிய வந்தது ஒரு துயரமான நிகழ்ச்சியால். 2011 மார்ச் மாதம் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குச் சென்ற ஒரு பெண்ணுக்கு, ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தப்பட்டது. நினைவிழந்த அவர் ஓராண்டுக்கு மேல் அதே நிலையில் கிடந்து, 2012-இல் இறந்துபோனார். அவருடைய குடும்பத்தாருக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பின்னர் தீர்ப்பளித்தது.

இது சில நிமிடங்களில் நேரும் ஆபத்து. இதைத் தடுப்பதற்காகவே ஒவ்வொரு சிலிண்டர் வால்விலும் குறிப்பிட்ட இடங்களில் துளைகள் இருக்கின்றன. இயந்திரத்தின் நுகத்தில் அந்தத் துளைகளுக்கு நேரே ஊசிகள் இருக்கின்றன. ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரை மாட்ட முயன்றால் பொருந்தாது. ஊசி தேய்ந்தோ உடைந்தோ போகாமலும், சுவர்க் குழாய்கள் இடம் மாறாமலும் பார்த்துக்கொண்டால் இந்தக் காவல் நிலைக்கும்.

இன்னோர் ஆபத்து மெதுவாக வருவது. அது செய்தித்தாளில் வருவதில்லை. ஒரு சிஸ்டருக்குப் பாதங்கள் மரத்துப் போகின்றன என்றோ, ஒரு டெக்னீஷியனின் மனைவிக்குப் பிள்ளை தங்கவில்லை என்றோ யாரும் செய்தி எழுதுவதில்லை. காரணம் என்ன என்று அவர்களுக்கே தெரியாமல் போகலாம்.

உடலுக்குள் நடப்பது

1956-இல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ரணஜன்னி கண்ட நோயாளிகளின் இசிவை அடக்க அவர்கள் பல நாட்கள் தொடர்ந்து நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தார்கள். சில நாட்களில் அந்த நோயாளிகளின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோயின. எலும்பு மச்சை வேலையை நிறுத்தத் தொடங்கியிருந்தது. தீங்கற்றது என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் எண்ணப்பட்ட வாயுவுக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

காரணத்தைப் பின்னர் கண்டறிந்தார்கள். நம் உடலுக்குத் தேவையான வைட்டமின் பி12-இன் நடுவில் கோபால்ட் என்னும் உலோகத்தின் ஓர் அணு இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு அந்தக் கோபால்ட்டைத் தாக்கி, வைட்டமினைச் செயலற்றதாக ஆக்கிவிடுகிறது. புதிய இரத்த அணுக்கள் உண்டாவதற்கும், நரம்புகளைச் சுற்றியுள்ள உறை பழுதுபடாமல் இருப்பதற்கும் பி12 வேண்டும். மின்கம்பியின் மேலுள்ள ரப்பர் உறை உரிந்தால் என்ன ஆகுமோ, அதுபோன்றதுதான் நரம்பின் உறை கெடுவதும்.

1978-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒருவர் இவ்வாறு நரம்பு பாதிக்கப்பட்ட 15 பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் 14 பேர் பல் மருத்துவர்கள். 13 பேர் இந்த வாயுவைப் போதைக்காகச் சுவாசித்தவர்கள். மற்ற இருவரையே நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் போதைக்காக எதையும் செய்யவில்லை. காற்றோட்டம் குறைந்த அறையில் தங்கள் தொழிலைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

அறிகுறிகள் இவை: பாதங்களிலும் விரல் நுனிகளிலும் மரப்பு அல்லது குறுகுறுப்பு, இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம், கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்ச்சி, சோர்வு, இரத்தசோகை. நீரிழிவு முதலிய வேறு காரணங்களாலும் இவை வரலாம். ஆகவே மருத்துவரிடம் காட்டி, தம் வேலை எத்தகையது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வாயுவால் பாதிக்கப்பட்டவருக்கு இரத்தத்தில் பி12 அளவு சரியாக இருப்பதாகவே பரிசோதனை காட்டலாம். வைட்டமின் இருக்கும், ஆனால் வேலை செய்யாது.

சைவ உணவு உண்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சோறு, சாம்பார், இட்லி, கீரை எதிலும் நம்பத்தக்க அளவில் பி12 இல்லை. மீன், முட்டை, இறைச்சி, பால், தயிர் ஆகியவற்றிலேயே அது இருக்கிறது. பாலும் குறைவாகச் சாப்பிடும் சைவர் ஒருவர் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்தால், குறைந்த கையிருப்போடு அவர் உள்ளே செல்கிறார் என்று பொருள்.

குழந்தைப்பேறு பற்றிய ஆய்வுகள்

நம் ஊர்ப்பக்கம் திருமணமாகி இரண்டு ஆண்டுகளில் தொட்டில் ஆடாவிட்டால் உறவினர் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பழி பெரும்பாலும் பெண்ணின் மேலேயே விழுகிறது. தியேட்டர் பணியாளர்களில் பலர் இளம் பெண்கள். ஆகவே இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

1967-இல் சோவியத் நாட்டில் வைஸ்மன் என்பவர் மயக்க மருத்துவர்களிடம் விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். பெண் மருத்துவர்களின் 31 கர்ப்பங்களில் 18 கலைந்துபோயிருந்தன. அக்காலத்தில் ஈதரும் அதிகமாகப் பயன்பட்டதால், இந்த வாயு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் உலகம் விழித்துக்கொண்டது.

இதைவிடத் தெளிவான விடை 1992-இல் வந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பல் மருத்துவர்களிடம் உதவியாளர்களாக வேலை செய்த பெண்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் கேள்வித்தாள் அனுப்பினார்கள். கழிவு வாயுவை வெளியேற்றும் குழாய் இல்லாத அறைகளில் வாரத்துக்கு 5 மணி நேரமோ அதற்கு மேலோ இந்த வாயுவின் அருகே நின்ற பெண்கள், ஒவ்வொரு மாதமும் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றப் பெண்களுக்கு இருந்ததில் 41 சதவீதமாக இருந்தது. 1995-இல் அதே ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். குழாய் இல்லாத அறைகளில் வாரம் 3 மணி நேரத்துக்கு மேல் இருந்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏறக்குறைய இரண்டரை மடங்கு நேர்ந்தது.

இவ்விரு ஆய்வுகளிலும் நம் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய வரி வேறு ஒன்று. கழிவு வாயுக் குழாய் பொருத்தப்பட்ட அறைகளில் அதே வேலையைச் செய்த பெண்களுக்கு இந்தத் தீங்கு காணப்படவில்லை. வேலை ஒன்றே, வாயுவும் ஒன்றே. ஒரு குழாய் இருந்ததும் இல்லாததுமே வித்தியாசம்.

பல் மருத்துவ அறையில் வாயு மூக்கு மூடி வழியே செல்வதால் கசிவு அதிகம். மூச்சுக்குழாயில் குழல் வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சையில் கசிவு குறைவு. ஆகவே எல்லாத் தியேட்டர்களிலும் இதே அளவு தீங்கு நேரும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் திறந்த குழாய் அமைப்பிலும், முகமூடி மட்டும் வைத்துச் செய்யும் சிகிச்சையிலும் கசிவு மிகுதியாகவே இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

அறையின் காற்றில் எவ்வளவு இருக்கலாம்? அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம் 1977-இல், வாயு கொடுக்கப்படும் நேரத்தில் சராசரியாகப் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் கூடாது என்று பரிந்துரைத்தது. பிரிட்டனில் எட்டு மணி நேரச் சராசரி பத்து லட்சத்தில் 100 பங்கு.

ஒரு சாதாரண தியேட்டரை எடுத்துக்கொள்வோம். நீளம் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர், உயரம் 3 மீட்டர். அதில் 90,000 லிட்டர் காற்று இருக்கும். இதில் பத்து லட்சத்தில் 25 பங்கு என்றால் இரண்டேகால் லிட்டர்தான். ஒரு குடம் தண்ணீரில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. நிமிடத்துக்கு 3 லிட்டர் நைட்ரஸ் ஆக்சைடு ஓடவிட்டு, கழிவை அறையிலேயே விட்டால் முதல் நிமிடத்திலேயே அந்த எல்லை தாண்டிவிடும்.

வெளிக்காற்று சிறிதும் வராத அறையில் ஒரு மணி நேரம் இப்படி ஓடினால் 180 லிட்டர் சேரும். அது பத்து லட்சத்தில் 2,000 பங்கு. பரிந்துரைத்த அளவைப்போல் 80 மடங்கு. அறையின் காற்று முழுவதும் மணிக்கு 15 முறை மாறும்படி நல்ல காற்றோட்டம் வைத்தால் சுமார் 133 பங்கில் நிற்கும். அதுவும் அதிகமே. காற்றோட்டத்தோடு குழாயும் வைத்துக் கழிவில் பத்தில் ஒன்பது பங்கை வெளியேற்றினால் சுமார் 13 பங்குக்கு இறங்கிவிடும். ஆகவே காற்றோட்டம், குழாய் இரண்டும் வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

இந்த அளவுகளில் வாயுவின் மணம் யாருக்கும் தெரியாது. 'வாடை வரவில்லையே' என்று நிம்மதி அடைவதில் பயன் இல்லை.

நம் கடற்கரையில் என்ன நிலை?

வேதாரண்யம் போன்ற ஊரில் இந்தச் சிக்கல் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, வெயிலும் புழுக்கமும். முற்காலத்துத் தியேட்டர்களில் உயரமான கூரையும் அகலமான சன்னல்களும் இருந்தன. பின்பு கிருமிக்கும் தூசிக்கும் பயந்து சன்னல்களை அடைத்து ஏ.சி. வைத்தார்கள். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. அறையில் உள்ள காற்றையே இழுத்து, குளிரச் செய்து, மீண்டும் அறைக்குள்ளேயே விடுகிறது. வெளிக்காற்றை அது கொண்டுவருவதில்லை. அறை ஜில்லென்று இருப்பதால் காற்று சுத்தமாக இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, உப்புக் காற்று. கோடியக்கரை முதல் புஷ்பவனம் வரை வீடு கட்டியவர்களைக் கேட்டால் இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று சொல்வார்கள். வால்வும் இணைப்பும் அரிக்கப்பட்டால் வாயு கசியும். ரப்பர் குழாய் வெப்பத்தில் வெடித்தாலும் கசியும்.

மூன்றாவது, மின்சாரம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபின், இந்தப் பகுதிக் கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட வேளையில் ஜெனரேட்டரின் பலம் முழுவதும் விளக்குக்கும் மானிட்டருக்கும் போகும். காற்று வெளியேற்றும் விசிறியை யார் நினைப்பார்கள்? மின்சாரம் தேவைப்படாத சாதாரணக் குழாய் இங்கே மிகவும் பயன்படும்.

நான்காவது, தூரம். 2022-இல் நாகப்பட்டினத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல். ஆயினும் வேதாரண்யத்திலிருந்து அங்கே செல்லச் சுமார் 50 கிலோமீட்டர் ஆகும். அவசரமான தாயை அருகிலுள்ள சிறிய மருத்துவமனையே ஏற்க வேண்டியிருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற ஒரு சிஸ்டரும் ஒரு டெக்னீஷியனும் இருந்தால் அதிகம். அவர்களை மாற்ற ஆள் இல்லை. எல்லா அறுவைக்கும் அவர்களே நிற்கிறார்கள். அவர்களுடைய உடல் கெட்டால் தியேட்டரே நின்றுபோகும்.

வசதியான நாடுகளிலும் இந்தக் குறை தீர்ந்துவிடவில்லை. 2022, 2023 ஆண்டுகளில் இங்கிலாந்தின் சில மருத்துவமனைகளில், பிரசவ அறைக் காற்றில் இந்த வாயு மிகுந்து செவிலியரைப் பாதிக்கக்கூடும் என்று தெரிந்து, தாய்மாருக்கு இதைக் கொடுப்பதைச் சில காலம் நிறுத்தினார்கள்.

செய்ய வேண்டியவை

1. கழிவு வாயுக் குழாய்: மயக்க இயந்திரத்தின் வெளியேற்று வால்விலிருந்து அகலமான வளைகுழாய் ஒன்றைப் பொருத்தி, சுவர் வழியே வெளியே விட வேண்டும். அதன் வாய் வேறு அறையின் சன்னலுக்கோ ஏ.சி.க்கோ அருகே இருக்கக் கூடாது. இதை நன்கு தெரிந்த டெக்னீஷியனே செய்ய வேண்டும். குழாய் மடங்கினாலோ அடைத்தாலோ நோயாளியின் நுரையீரலில் அழுத்தம் ஏறிவிடும். உறிஞ்சும் இயந்திரத்தை நேராக மாட்டினால் நோயாளிக்குச் செல்லும் வாயுவையே இழுத்துவிடும். இவற்றைத் தடுக்கும் இடைப்பெட்டி கட்டாயம் வேண்டும்.

2. வெளிக்காற்று: ஏ.சி.யோடு, வடிகட்டிய வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்து பழைய காற்றை வெளியேற்றும் ஏற்பாடும் வேண்டும். அறுவை முடிந்து நோயாளி படுத்திருக்கும் அறைக்கும் இது தேவை. அங்கேயும் அவர் இந்த வாயுவை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார்.

3. நல்ல பழக்கம்: முகமூடி நன்றாகப் பொருந்திய பிறகே வாயுவைத் திறப்பது, முகமூடியை எடுக்கும் முன் மூடுவது, முடிவில் சில நிமிடங்கள் ஆக்சிஜன் மட்டும் கொடுத்து மிச்ச வாயு குழாய் வழியே போகச் செய்வது, நாள் முடிவில் சிலிண்டரை அடைப்பது. இவற்றுக்குச் செலவே இல்லை.

4. கசிவுச் சோதனை: இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். சிலிண்டரின் அழுத்த முள்ளை மட்டும் நம்பக் கூடாது. நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால், திரவம் தீரும்வரை முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். எடை போட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு போயிற்று என்று தெரியும். மாதம் எத்தனை சிலிண்டர் வாங்கினோம், எத்தனை அறுவை செய்தோம் என்று எழுதி வைத்தாலே கசிவு பிடிபட்டுவிடும்.

5. பணியாளர் நலன்: கருவுற்றிருக்கும் அல்லது குழந்தையை எதிர்பார்க்கும் பணியாளர், குழாய் இல்லாத தியேட்டரில் நிற்கக் கூடாது. சம்பளம் குறையாமல் வேறு பிரிவுக்கு மாற வழி வேண்டும். சம்பளம் குறையும் என்றால் அவர் வாய் திறக்கமாட்டார்.

6. தேவையைக் குறைத்தல்: சிசேரியன் முதலிய பல அறுவைகளை முதுகுத்தண்டில் ஊசி போட்டுச் செய்யலாம். நரம்பு வழியே கொடுக்கும் மயக்க மருந்துகளும் உண்டு. எங்கே இந்த வாயு இல்லாமல் பாதுகாப்பாகச் செய்ய முடியுமோ அங்கே விட்டுவிடுவதே நல்லது. எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை மயக்க மருத்துவரே முடிவு செய்வார்.

கடைசியாகச் சொன்னதற்கு மற்றொரு காரணமும் உண்டு. குழாய் வழியே வெளியே போன வாயு மறைந்துவிடுவதில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் வானில் தங்கிப் பூமியைச் சூடாக்குகிறது. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, நூறு ஆண்டுக் கணக்கில், 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். கடல் மட்டத்தையொட்டி வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மருத்துவமனைச் சுவர்களுக்குள் ஓடும் நீண்ட குழாய்களில் பெரும்பகுதி வாயு நோயாளியை எட்டாமலே கசிந்துபோவது பிரிட்டனில் பல இடங்களில் தெரிய வந்தது. அதனால் அங்கே அந்தக் குழாய்களை மூடிவிட்டு, தேவையானபோது சிறிய சிலிண்டரை மாட்டிக்கொள்கிறார்கள்.

சில சந்தேகங்கள்

முகக்கவசம் அணிந்தால் போதாதா? போதாது. துணிக் கவசமும் சரி, என்95 கவசமும் சரி, துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கரி வடிகட்டி ஹாலோத்தேன் போன்ற ஆவிகளைப் பிடிக்கும், நைட்ரஸ் ஆக்சைடைப் பிடிக்காது.

வயலில் யூரியா போட்டாலும் இந்த வாயு வரும் என்கிறார்களே, விவசாயிக்கு ஆபத்தா? வருவது உண்மை. தழைச்சத்து உரம் இட்ட மண்ணில், முக்கியமாக வயல் காய்ந்தும் நனைந்தும் மாறும்போது, கிருமிகள் இந்த வாயுவை உண்டாக்குகின்றன. உலகத்தில் மனித முயற்சியால் வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடில் பெரும்பங்கு வேளாண்மையிலிருந்துதான். ஆனால் திறந்த வெளியில் அது கலைந்துவிடுகிறது. பொதுவாகக் காற்றில் இருப்பது பத்து லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே. வரப்பில் நிற்பவருடைய நரம்பு அதனால் கெடாது. வானத்தைச் சூடாக்குவதில் மட்டும் அதற்குப் பங்கு உண்டு.

எனக்கு அறுவை செய்தபோது இந்த வாயு கொடுத்தார்களே, பயப்பட வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலோருக்கு ஒருமுறை சில மணி நேரம் சுவாசிப்பதால் நிலையான தீங்கு இல்லை. பி12 குறைவு இருப்பதாகத் தெரிந்தவர்கள் மட்டும் அதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கொடுப்பவர்கள் செய்யக்கூடியது

பெற்றோர் நினைவாக ஒரு பாயில்ஸ் மெஷினைக் காணிக்கையாகக் கொடுத்தால், அதன் மேல் அவர்கள் பெயரைப் பொறிக்க இடம் உண்டு. பிரதிஷ்டை நாளில் மாலை போட்டுப் படமும் எடுக்கலாம். கழிவு வாயுக் குழாயில் பெயர் பொறிக்க இடம் இல்லை. சுவரில் போட்ட துளைக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆகவே இயந்திரம் வந்துசேர்கிறது, குழாய் வராமலே போகிறது. இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் குழாயின் செலவு சிறிது. ஆனால் யாரும் கேட்காததால் அது பட்டியலில் ஏறுவதில்லை.

ஆகவே நாங்கள் வேண்டுவது இதுவே. எந்த மருத்துவமனைக்கு நீங்கள் கொடுத்தாலும், இயந்திரத்தோடு குழாயையும், குழாயோடு ஆண்டுதோறும் பழுது பார்க்கும் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். மொத்தத் தொகை போதாவிட்டால், புதிய இயந்திரத்தைச் சில மாதம் தள்ளிப்போட்டு, பழைய இயந்திரத்துக்குக் குழாய் போடச் சொல்லுங்கள்.

உங்கள் ஐக்கியக் கூட்டத்தில் கலந்துபேசவும், மருத்துவமனைக்குச் செல்லும்போது கேட்டுப் பார்க்கவும் இதோ ஐந்து கேள்விகள்:

1. நோயாளி வெளியே விடும் மயக்க வாயு எந்தக் குழாய் வழியே போகிறது? அதன் வாய் எங்கே இருக்கிறது?

2. ஏ.சி. தவிர, தியேட்டருக்குள் வெளிக்காற்று வர என்ன ஏற்பாடு?

3. கசிவுச் சோதனை கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது? புத்தகத்தில் எழுதியிருக்கிறதா?

4. கருவுற்ற பணியாளர் சம்பளம் குறையாமல் வேறு பிரிவுக்கு மாறலாமா? அது அவருக்குத் தெரியுமா?

5. சென்ற மாதம் எத்தனை நீல சிலிண்டர் செலவாயிற்று? எத்தனை அறுவைக்கு?

இவற்றைக் குற்றம் காண்பதற்காக அல்லாமல், உதவி செய்ய வந்தவர்களாகக் கேளுங்கள். பதில் தெரியாத இடத்தில்தான் உங்கள் உதவி முதலில் தேவைப்படுகிறது. பார்த்துவிட்டுத் திரும்பும்போது வாசலில் நிற்கும் தியேட்டர் சிஸ்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: 'நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா, அம்மா?' நோயாளிகளையே விசாரித்துப் பழகிய நம்மில் பலர் இதுவரை அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதில்லை.